அப்பா சமப்படுத்திய வயர்கள்

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ராடார் என்றால் அது சுற்றும். கோபுரத்து உச்சியில் ஒரு பெரிய இரும்புக் கிண்ணம் வெயில் மழை பார்க்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அதைச் சுற்றவைக்கும் மோட்டாருக்கும் பல்சக்கரங்களுக்கும் எண்ணெய் போட்டே என் இருபதுகள் கழிந்தன. கடலோரத்தில் இருந்தது எங்கள் நிலையம். அதன் பெயர் வேண்டாம், அந்த மாதிரி இடங்களின் பெயரை வெளியே சொல்லி எங்களுக்குப் பழக்கமில்லை. கேமரன் மலையின் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீட்டில், லயத்தில், ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு சட்டை போட்டு வளர்ந்தவனைக் கொண்டுபோய்க் கடற்கரை வெயிலில் வேகவைத்தார்கள். சம்பளம் ஒழுங்காக வந்ததால் நானும் வாயை மூடிக்கொண்டு வெந்தேன்.

எழுபதுகளின் கடைசியில் எங்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடத்தினார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த ஆசிரியர் கரும்பலகையில் வரிசையாகப் புள்ளி வைத்தார். ஒவ்வொரு புள்ளியும் ஒரு சின்ன ஏரியல், அதாவது ஆண்டெனா, என்றார். ஒரு பெரிய கிண்ணத்துக்குப் பதிலாக இப்படி நூற்றுக்கணக்கான ஏரியல்களை அசையாமல் நிறுத்திவிடலாம். எல்லாம் ஒரே நொடியில் அலையை விட்டால் அது நேராகப் போகும். ஓரத்திலிருந்து ஒன்றுக்குப் பின் ஒன்றாக, துளித்துளித் தாமதத்தோடு விட்டால் மொத்த அலையும் சாய்ந்து பக்கவாட்டில் போகும். தாமதத்தைக் கூட்டிக் குறைப்பதுதான் வேலை. ராடார் முகத்தைத் திருப்பாமலே இடமும் வலமும் பார்க்கும். திரும்பி வரும் அலையைக் கேட்பதும் அதே கணக்கில்தான்.

பக்கத்தில் இருந்தவர்கள் கொட்டாவி விட்டார்கள். எனக்கு அது உடனே பிடிபட்டுவிட்டது. கொழுந்து பறிக்கும் பெண்கள் நிரை பிடித்துப் போகும்போது மலையின் வளைவு வந்தால், கங்காணி யாரையும் திரும்பச் சொல்லமாட்டார். உள் ஓரத்தில் இருப்பவளை மெல்லப் பறிக்கச் சொல்வார், அடுத்தவள் கொஞ்சம் வேகம், அதற்கடுத்தவள் இன்னும் கொஞ்சம். வரிசை தானாகச் சாய்ந்து வளைவைச் சுற்றிவிடும். இதை அந்த ஆசிரியரிடம் என் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் சிரித்தார், புரிந்து சிரித்தாரா என்று இன்றைக்கும் தெரியாது.

முகத்தைத் திருப்பாமல் பார்க்கிற வித்தை என் அப்பாவுக்குத் தெரிந்திருந்தால் எங்கள் வீட்டில் பாதிச் சண்டை நடந்திருக்காது. அவருக்குத் தெரிந்தது முகத்தைத் திருப்பிக்கொள்வது மட்டும்தான்.

எனக்கு ஒரே தங்கை. நல்ல குரல். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் அவள் பாடினால், கோயில் பக்கமே வராத தண்ணிக்காரர்கள்கூட மதிலோரம் வந்து நிற்பார்கள். கோலாலம்பூருக்கு ஃபேக்டரி வேலைக்குப் போனவள், அங்கேயே ஒருவரைப் பிடித்துப்போய்க் கல்யாணம் செய்துகொண்டாள். சாதி வேறு, சொல்லாமல் செய்தது வேறு. எல்லாம் சேர்ந்து அப்பாவுக்குத் தலைக்கு ஏறிவிட்டது. வெள்ளிக்கிழமை பூசைக்கு வந்த கூட்டத்தின் முன்னால், கோயில் வாசலில் சூடத்தைக் கொளுத்தி, "இனி செத்தாலும் அவ மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்று சத்தியம் செய்தார். வீட்டுக்குள் கத்தியிருந்தால் ஒரு வாரத்தில் ஆறிப்போயிருக்கும். சாமி முன்னால் சொன்னதை எங்கள் தோட்டத்தில் யாரும் லேசில் மாற்றுவதில்லை. அவரும் மாற்றவில்லை.

மாற்றவில்லையே தவிர, மனுஷன் தவித்தார். அம்மா மட்டும் வருஷத்துக்கு இரண்டு முறை கோலாலம்பூர் போய்வருவாள். அவள் திரும்பி வந்ததும் அப்பா பையை உள்ளே எடுத்து வைக்கிற சாக்கில் பிரித்துப் பார்ப்பார். மகள் கொடுத்தனுப்பிய முறுக்கு அவர் வாய்க்குள்தான் போகும். ஒருநாள் நான் நேராகவே கேட்டுவிட்டேன். "முறுக்குக்கு மூஞ்சி இருக்காலா?" என்று என்னிடமே திருப்பிக் கேட்டார்.

அந்தத் தங்கைதான் தொலைக்காட்சியில் பாடத் தேர்வானாள். தீபாவளி அன்று மாலை தமிழ் நிகழ்ச்சியில் அவளுக்கு ஒரு பக்திப் பாட்டு. செய்தியை நான்தான் ஊருக்கு வந்து சொன்னேன். அம்மா அழுதாள். அப்பா கவாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. மறுநாள் காலை நான் பஸ்ஸுக்கு நிற்கும்போது கூடவே வந்து நின்றவர், மலையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"தம்பி, டிவியில தெரியுற மூஞ்சி, மூஞ்சி கணக்குல வருமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். "அது வெறும் வெளிச்சம்பா. கண்ணாடிக்குப் பின்னால விழுற வெளிச்சம். ஆளு எங்கயோ இருக்கும்."

"அப்ப சரி," என்றார். பஸ் சத்தம் கேட்டதும், "ஆனா இங்கதான் படமே வரலியே," என்றார்.

வரவில்லைதான். எங்கள் லயம் இரண்டு மலை மடிப்புக்குள் ஒளிந்துகொண்டிருந்தது. அடுத்த வீட்டு அண்ணன், தேயிலை ஃபேக்டரியில் லோரி ஓட்டுகிறவர், ஆசைப்பட்டு ஒரு கறுப்பு வெள்ளை டிவி வாங்கிவைத்திருந்தார். அதில் எப்போதும் புள்ளி மழைதான். ஒரே ஒரு பக்கத்தில், மலைகள் சேரும் கணவாய் வழியாக, அலை சாய்வாக உள்ளே கசிந்தது. அதுவும் ஒரு ஏரியலுக்குப் போதாது.

வகுப்பில் படித்தது கையோடு இருந்தது. அடுத்த விடுமுறையில் பிரிஞ்சாங் டவுனில் நான்கு ஏரியல்கள் வாங்கிக்கொண்டு வந்து இறங்கினேன். தேயிலைக்குள் கம்பம் நடக் கூடாது, லயத்துக்குப் பின்னால் மேட்டில் போகும் நடைபாதை ஓரமாக மட்டும் நட்டுக்கொள்ளலாம் என்று தோட்டத்து மேனேஜர் துரை சொல்லி அனுப்பினார். அந்தப் பாதையோ கணவாய்க்குக் கோணலாக ஓடியது. நான்கு ஏரியலும் கணவாயைப் பார்த்துத்தான் நின்றன, ஆனால் வரிசை சாய்ந்திருந்ததால் அலை முதல் ஏரியலுக்கு முன்னதாகவும் கடைசி ஏரியலுக்குப் பிந்தியும் வந்து சேர்ந்தது. ஆளுக்கொரு நேரத்தில் கத்தினால் கூச்சல்தான் மிஞ்சும். அதனால் முதலில் கேட்கும் ஏரியலுக்கு நீளமான வயர், அடுத்ததற்குக் கொஞ்சம் குறைவு, கடைசி ஏரியலுக்கு எல்லாவற்றிலும் குட்டை. முந்தி வந்தவர் சுற்றிப் போகட்டும், பிந்தி வந்தவர் குறுக்கே வரட்டும், நான்கும் சேரும் பெட்டிக்குள் நான்கு பேரும் ஒரே நேரத்தில் நுழையவேண்டும். மிச்ச நீளத்தைச் சுருட்டிக் கம்பத்தில் தொங்கவிட்டேன்.

கம்பம் நட்டதெல்லாம் அப்பாதான். வயர் வேலை முடிந்ததும், "இதுல யாரும் கை வெக்காதீங்க" என்று லயத்துக்கே கேட்கும்படி சொன்னேன். அன்று மாலை ஆறு மணிக்கு, லயத்துக்குக் கரண்ட் கொடுக்கும் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும் அடுத்த வீட்டு டிவியில் செய்தி வாசிக்கிறவர் முகம் பளிச்சென்று வந்தது. பெண்கள் கை தட்டினார்கள். அப்பா திரையின் முன்னால் உட்கார்ந்து அந்த மனிதரை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். "மூக்கு நல்லா தெரியுது," என்றார். அவர் என்ன கணக்குப் போட்டுப் பார்த்தார் என்று எனக்குப் புரிந்தது.

நான் நிம்மதியாகக் கடற்கரைக்குத் திரும்பிவிட்டேன்.

அடுத்து வந்தது ஆயுத பூசை. எங்கள் தோட்டத்தில் அன்றைக்கு ஃபேக்டரி மெஷினிலிருந்து வீட்டு அரிவாள்மணை வரை எல்லாம் குளித்து, சந்தனம் குங்குமம் வைத்துக்கொள்ளும். மகளைக் காட்டப்போகிற ஏரியலைச் சும்மா விடலாமா என்று அப்பாவுக்குத் தோன்றியிருக்கிறது. நான்கையும் இறக்கி, துடைத்து, பொட்டு வைத்து, செவ்வந்திப் பூ கட்டித் திரும்ப ஏற்றியிருக்கிறார். அதோடு விட்டிருந்தால் ஒன்றுமில்லை. அவர் கவாத்து வெட்டுகிறவர். வாழ்நாள் முழுக்கத் தேயிலைச் செடியின் தலையை மேசை மாதிரி ஒரே மட்டமாக வெட்டிய கை. எதுவும் ஏற்ற இறக்கமாக நிற்பதை அந்தக் கண் தாங்காது. என் நான்கு வயரும் ஆளுக்கொரு நீளத்தில் சுருண்டு தொங்கியதைப் பார்த்திருக்கிறார், பையன் அவசரத்தில் அரைகுறையாக விட்டுவிட்டுப் போய்விட்டான் என்று நினைத்திருக்கிறார். கத்தியை எடுத்து மூன்றையும் குட்டை வயரின் அளவுக்கு வெட்டி, முனையைச் சீவி, நான் செய்ததைவிட நேர்த்தியாகப் பெட்டியில் முடுக்கிவிட்டார்.

இதெல்லாம் எனக்குத் தீபாவளி அன்றுதான் தெரியும். பஸ்ஸில் இடம் கிடைக்காமல், அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து காலியாக மலையேறிய காய்கறி லோரி ஒன்றைப் பிடித்து வந்தேன். லயத்தை அடையும்போது பிற்பகல் முடிந்துகொண்டிருந்தது. அப்பா வாசலில் நின்றார். எண்ணெய் தேய்த்துக் குளித்து, முகச் சவரம் செய்து, புது வேட்டி, புதுச் சட்டை, சட்டைப் பையில் சீப்பு. மகள் டிவிக்குள்ளிருந்து அவரைப் பார்க்கப்போகிறாள் என்பதுபோல் இருந்தது அவர் நின்ற நிலை. அடுத்த வீட்டில் டிவிக்கு நேர் முன்னால் அவருடைய முக்காலி ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தது.

அடுத்த வீட்டு அண்ணன் என்னை ஓரமாக இழுத்தார். "தம்பி, கொஞ்ச நாளா படமே வரலலா. மழைக்காலம், அதான்னு நெனச்சோம். ஒங்கப்பாகிட்ட யாரும் சொல்லல."

பின்னால் ஓடினேன். நான்கு ஏரியலும் காய்ந்த பூவோடு கல்யாண மாப்பிள்ளைபோல் நின்றன. கீழே நான்கு வயரும் ஒரே அளவில், வகிடு எடுத்தமாதிரி.

"யாருப்பா இத வெட்டுனது?"

"நான்தான்," என்றார் அப்பா, பின்னாலேயே வந்தவர். குரலில் பெருமை. "நீ ஒண்ணு நெட்டை ஒண்ணு குட்டையா வுட்டுட்டுப் போயிட்ட. பாக்கறவன் என்னா சொல்லுவான்? இப்ப எப்படி இருக்கு பாரு."

"அப்பா, அந்த நெட்டை குட்டைதான்பா படமே."

அதற்குமேல் நான் விளக்கவில்லை. விளக்கத் தேவையிருக்கவில்லை. அந்த முகம் விழுந்ததை நான் பார்த்தேன், இனி ஒருவர் முகத்தில் அப்படி ஒன்றைப் பார்க்கவே கூடாது என்று அப்போதே நினைத்தேன். கோபத்தை விழுங்கிக்கொண்டு, வெட்டிய துண்டுகள் எங்கே என்று கேட்டேன். ஒன்று துணி காயும் கொடியாக ஆகியிருந்தது. ஒன்று கோழிக்கூட்டுக் கதவைக் கட்டியிருந்தது. எல்லாவற்றிலும் நீளமானது சௌசௌப் பந்தலைத் தாங்கிக்கொண்டிருந்தது. அவரே ஓடி ஓடி மூன்றையும் அவிழ்த்துக் கொண்டுவந்தார், புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு.

ஈயம் வைத்துப் பற்றவைக்கிற சாமான் எல்லாம் நிலையத்தில் இருந்தது. கையில் இருந்தது பேனாக்கத்தியும் கறுப்பு டேப்பும். தோலைச் சீவி, முறுக்கி, சுற்றி இரண்டு வயரை ஒட்டுப் போட்டு முடிக்கும்போது ஜெனரேட்டர் சத்தம் கேட்டது. கூடவே மழையும் வந்தது. நனைந்த டேப் எதிலும் ஒட்டாது. மூன்றாவது ஒட்டு, நீளமான துண்டு, பந்தலில் கிடந்து உள்கம்பி பச்சைக் களிம்பு பிடித்துப்போயிருந்தது. முறுக்கினால் ஒடிந்தது, தொட்டுக்கொண்டிருந்தால் மட்டும் வேலை செய்தது.

"அப்பா, இத இப்படியே ரெண்டு வெரலால அமுக்கிப் பிடிச்சிக்குங்க. நான் கீழ போயி படம் வருதான்னு பாக்கறேன். வந்ததும் ஆள மாத்திவுடறேன், நீங்க எறங்கி வந்துடுங்க."

"சரி, நீ போ. ஓடு."

அடுத்த வீட்டுக்குள் லயமே கூடியிருந்தது. முன்வரிசையில் முக்காலி காலியாக இருந்தது, யாரும் அதில் உட்காரவில்லை. திரையில் புள்ளி. நான் சன்னல் வழியாகக் கத்தினேன். மழையில் என் குரல் மேடு வரைக்கும் எட்டவில்லை. லயத்துக் கோடியில் அண்ணனின் மனைவி குடையோடு நின்று நான் சொன்னதை வாங்கி மேலே சொன்னாள், மேலிருந்து வந்ததை வாங்கி எங்களுக்குச் சொன்னாள்.

"நல்லா அமுக்கச் சொல்லுங்க!"

"நல்லா அமுக்குங்க மாமா!"

புள்ளி விலகியது. ஒரு வீணை வந்தது, அதற்குப் பின்னால் ஒரு திரைச்சீலை, அதற்கு முன்னால் என் தங்கை. நிகழ்ச்சியை அறிவிக்கிறவர் பேசி முடித்துவிட்டிருந்தார். அவள் கண்ணை மூடித் திறந்து, ஆலாபனையைத் தொடங்கினாள். அம்மா இரண்டு கையையும் வாயில் வைத்துக்கொண்டாள்.

"வருதா?" என்று கேட்டது மேலிருந்து வந்த குரல்.

"வருது மாமா! வந்துட்டா!"

நான் அண்ணனைப் பார்த்தேன். சொல்லத் தேவையில்லை, அவர் அதற்குள் மழையில் இறங்கி மேட்டில் ஏறிக்கொண்டிருந்தார். ஒட்டுக் கை மாறிய அந்த நேரத்தில் திரையில் புள்ளி பொங்கியது, தங்கை கரைந்துபோனாள். வீட்டுக்குள் இருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் "விடாத!" என்று கத்தினார்கள். அண்ணன் என்னென்னவோ அமுக்கிப் பார்த்தார். வரவில்லை. அவருடைய விரல் தடிமனா, பிடி சரியில்லையா, என்ன எழவோ தெரியாது. கை பட்டால் கெடும் என்பதுதான் நான் படித்தது, ஆனால் அப்பா கை பட்டால்தான் படம் வந்தது. மேலே அப்பா அவர் கையைத் தட்டிவிட்டுத் திரும்ப வாங்கியிருக்கிறார். பாட்டின் நடுவில் தங்கை திரும்பி வந்தாள்.

"நீ போய்ப் பாரு. நான் பிடிச்சிக்கிறேன்," என்று அண்ணனை அனுப்பிவிட்டார்.

அம்மா எழுந்து சன்னலுக்கு வந்தாள். "என்னாங்க, வுட்டுட்டு வாங்க! ஒரு நிமிஷம் வந்து பாத்துட்டுப் போங்க!"

கோடியில் நின்றவள் மேலே சொன்னாள். பதில் வந்தது: "நான் வுட்டா போயிடும்லா. எங்க வந்து எதப் பாக்கறது? நீங்க பாருங்க."

உண்மைதான். அவர் பிடித்திருக்கும் வரைக்கும் அவள் இருந்தாள். அவர் இறங்கி வந்தால் காலித் திரையைத்தான் பார்க்கவேண்டும். இதற்கு எந்தப் புத்தகத்திலும் வழி இல்லை, நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் மேலிருந்து அடுத்த கேள்வி வந்தது. "என்னா சேலை கட்டியிருக்கா?"

கோடியில் நின்றவள் எங்களைக் கேட்டாள். யாரோ ஒரு பெண், "வெள்ளையா தெரியுது," என்றாள். அவள் அதை அப்படியே மேலே சொல்லிவிட்டாள்.

"வெள்ளைச் சேலையா?" மழையைக் கிழித்துக்கொண்டு வந்தது அந்தக் குரல், இடையில் யாரும் வாங்கிச் சொல்ல அவசியமில்லாமல். "ஐயோ, புருஷனுக்கு என்னாச்சு?"

"கறுப்பு வெள்ளை டிவிங்க, மனுஷா!" அம்மா அழுகையும் சிரிப்புமாகக் கத்தினாள். "பொட்டு இருக்கு! தலை நெறைய பூ இருக்கு! தாலி இருக்கு! எல்லாம் இருக்கு!"

பிறகு, "கன்னம் ஒட்டிப் போயிருக்கா?" என்று கேட்டார். இல்லை, கன்னத்தில் சதை வைத்திருக்கிறது என்று சொல்லப்பட்டது. "எங்கம்மா மூக்குத்திய போட்டிருக்காளா?" போட்டிருக்கிறாள் என்று சொல்லப்பட்டது. வீட்டுக்குள் தங்கை உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்தாள், யாரும் மூச்சு விடவில்லை.

பாட்டு முடிந்தது. அவள் கை கூப்பினாள். அடுத்து ஒரு நடனம் தொடங்கியது. நாங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டும் அவளைப் பற்றியே பேசிக்கொண்டும் இருந்தோம். நடனம் பாதி போன பிறகுதான் படம் இன்னும் பளிச்சென்று இருப்பதை நான் கவனித்தேன். பாட்டு முடிந்துவிட்டது என்று மேலே யாரும் சொல்லவில்லை. அம்மா குடையை எடுத்துக்கொண்டு ஏறினாள். இருவரும் இறங்கி வந்தபோது அப்பாவின் புதுச் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது, சீப்பு பையிலேயே இருந்தது. அந்த இரண்டு விரலும் மடிந்தபடியே இருந்தன, நிமிர்த்த நேரமாயிற்று.

"நல்லா பாடுனாளா?" என்று என்னைக் கேட்டார். அவருக்குக் குரலும் கேட்டிருக்கவில்லை.

மறுநாள் கிளம்பும்போது என்னிடம் ஒன்று சொன்னார். "அவகிட்ட நான் பாத்தேன்னு சொல்லு. ஒயரு, மழை, அந்தக் கதையெல்லாம் வேணாம்." அந்தக் கதையை நான் சொல்லவில்லை, பார்த்தார் என்றே சொன்னேன். தங்கை அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். அவளைக் கூட்டிவரட்டுமா என்று அடுத்த விடுமுறையில் அப்பாவிடம் கேட்டேன். முதன்முதலாக அவர் இல்லை என்று சொல்லவில்லை. சாமி முன்னால் சொன்ன சொல்லை சாமி முன்னால்தான் எடுக்கவேண்டும், ஆடித் திருவிழாவுக்கு மாரியம்மனுக்குச் சூடம் கொளுத்தி தான் மன்னிப்புக் கேட்டுவிட்டு அவளை வரச் சொல்லலாம் என்றார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அவளிடம் சொன்னேன், அவள் அன்றைக்கே துணி எடுத்துவைக்கத் தொடங்கிவிட்டாள்.

ஆடிக்கு முன்பே, கவாத்துக் காட்டில் வேலைக்கு நடுவில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. தங்கை வந்தாள். அவள் அவரைப் பார்த்தாள்.

எண்பதுகளின் நடுவில் எங்கள் நிலையத்துக்கு அந்த ஆசிரியர் சொன்ன ராடார் வந்தது. கிண்ணம் போய், சுவர் மாதிரி ஒரு தட்டை முகம். அவர் சொன்னதுபோல் முழுக்க நிற்கவில்லை, மெல்லச் சுற்றத்தான் செய்தது, ஆனால் மேலும் கீழும் பார்க்க அது தலையாட்டவேண்டியதில்லை. என் வயர் சுருள்கள் செய்த வேலையை உள்ளே சின்னச் சின்னப் பெட்டிகள் செய்தன, கண் மூடித் திறப்பதற்குள் பார்வை வேறு உயரத்துக்குப் போய்விடும். அதைப் பராமரிக்கும் குழுவில் என்னைப் போட்டார்கள். முதல் வாரமே சொல்லிக்கொடுத்த பாடம், ஒன்றிரண்டு ஏரியல் செத்துப்போனாலும் பதறவேண்டாம் என்பது. கூட்டம் பெரிது, மற்றவை சமாளித்துக்கொள்ளும், திரையில் வித்தியாசமே தெரியாது. எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு லயத்து மேடு நினைவுக்கு வந்தது. நான்குக்குப் பதில் நான் எட்டு நட்டிருந்தால், ஒன்றைக் கைவிட்டிருக்கலாம். அப்பா விரலை எடுத்துவிட்டு இறங்கி வந்து, அந்த முக்காலியில் உட்கார்ந்திருக்கலாம். வேலையில் இருந்த கடைசி நாள் வரைக்கும் அந்தத் தட்டை முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் தோன்றும், வேறெதுவும் தோன்றாது.

அந்த ராடார் வந்த சமயத்தில்தான் ஒரு தீபாவளிக்கு அம்மாவும் தங்கை குடும்பமும் என் குவார்ட்டர்ஸில் கூடினார்கள். வண்ண டிவி வந்து வருஷங்கள் ஆகியிருந்தன. திரையில் யாரோ ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். தங்கை மடியில் மகளைப் போட்டுத் தலை பின்னிக்கொண்டிருந்தவள், கையை நிறுத்தாமல் கேட்டாள்.

"ஏம்மா, அன்னிக்கி அப்பா எப்படி ஒக்காந்து பாத்தாரு? எந்திரிச்சி எந்திரிச்சிப் போயிருப்பாரே, அவருக்குத்தான் ஒரு எடத்துல இருக்க முடியாதே."

நான் அம்மாவைப் பார்க்கவில்லை. டிவியைப் பார்த்தேன்.

"இல்லடி," என்றாள் அம்மா. "பாட்டு முடிஞ்சும் அந்த எடத்த வுட்டு அசையல. நான் போயித்தான் கையப் புடிச்சிக் கூட்டியாந்தேன்."

தங்கை பின்னலை முடித்து ரிப்பன் கட்டினாள். "அது போதும்மா," என்றாள்.